கேம்கார்டர் டேப்பில் இரைச்சலா? கணினியில் ஏற்றுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மைசூரில் பரண்கள் காலியாகும். தையல் மெஷின், அரிவாள்மணை, ஸ்கூட்டர் எல்லாம் துடைத்து வரிசையில் நிற்கும்போது, 1990களில் வாங்கிய கேம்கார்டரும் துணிப்பையிலிருந்து வெளியே வரும். அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு. (பொட்டை கேமராவின் முதுகில் வையுங்கள். கேசட் மூடியின் இடுக்கு வழியாகக் குங்குமம் உள்ளே போன கேமராவைப் பார்த்திருக்கிறேன். உள்ளே எல்லாமே செக்கச் செவேல்.) பூஜை முடிந்து சுண்டல் வந்ததும் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "அந்த டேப்பெல்லாம் இன்னும் ஓடுமா?"

போட்டுப் பார்த்தால் திரை முழுக்கப் புள்ளி மழை. நடுநடுவே கோடு. பின்னணியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அதற்குள் தசரா ஊர்வலத்தின் அம்பாரி யானை எங்கோ நகர்ந்துகொண்டிருக்கிறது, தெரியவில்லை.

இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "டேப் போச்சு" என்று குப்பையில் போடுகிறார்கள். அல்லது அப்படியே கணினியில் ஏற்றிவிட்டு, இரைச்சலை நீக்கும் மென்பொருளைத் தேடுகிறார்கள். இரண்டுமே அவசரம். இரைச்சல் மூன்று இடங்களில் பிறக்கலாம்: டேப்பில், அதை ஓட்டும் கேமராவில், அல்லது கேமராவிலிருந்து கணினிக்குப் போகும் வழியில். கடைசி இரண்டில் ஏதாவது ஒன்றில் பிறந்ததாக இருந்தால் டேப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. எனவே எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை எதையும் சரிசெய்யப் போகாதீர்கள்.

கையில் இருப்பது என்ன டேப்?

ஆடியோ கேசட் அளவில், அதைவிடச் சற்றுத் தடிமனாக இருந்தால் 8 மி.மீ. குடும்பம். அதில் மூன்று பேர் உண்டு: 1985இல் வந்த வீடியோ8, 1989இல் வந்த ஹை8, 1999இல் வந்த டிஜிட்டல்8. கேசட்டின் அளவு ஒன்றுதான், பதிவு முறைதான் வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஹை8 பதிவை வெறும் வீடியோ8 கேமராவில் போட்டால் படம் கிழிந்து வரும். டிஜிட்டல்8 பதிவைப் பழைய ஹை8 கேமராவில் போட்டால் ஒன்றும் வராது, அல்லது வெறும் இரைச்சல்தான் வரும். 'கெட்டுப்போன' டேப் என்று கொண்டுவரப்படும் கேசட்டுகளில் சில, தவறான கேமராவில் போடப்பட்டவை. அவ்வளவே.

கேசட் லேபிளை மட்டும் நம்பவும் கூடாது. ஹை8 என்று அச்சடித்த கேசட்டில் டிஜிட்டல்8 கேமராவால் பதிந்திருக்கலாம். எந்தக் கேமராவில் பிடித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் கேமராவே நிற்கும்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் மினிடீவீ, 1995 முதல் வந்த டிஜிட்டல் வகை. (மினி டிவி என்று எழுதினால் சின்ன டெலிவிஷன் ஆகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் மினிடீவீ.) வீட்டு விசிஆர் கேசட்டைச் சுருக்கியதுபோல் இருந்தால் விஎச்எஸ்-சி. அது அடாப்டருக்குள் உட்கார்ந்து சாதாரண விசிஆரில் ஓடும்.

இன்னொன்றும் பாருங்கள். நம் ஊரில் வாங்கிய கேமரா பால் (PAL) என்ற முறையில் பதியும்: வினாடிக்கு 25 சட்டகம், 625 வரி. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் 1996இல் கொண்டுவந்த கேமரா என்றால் என்டிஎஸ்சி முறை. 8 மி.மீ. கேசட்டில் பி5 என்று இருந்தால் பால் நாட்டுக் கடைச்சரக்கு, பி6 என்றால் என்டிஎஸ்சி நாட்டுக் கடைச்சரக்கு. ஆனால் அது கேசட் எங்கே விற்றது என்பதற்கான குறிப்பு மட்டுமே. எந்தக் கேமராவில் பதிந்தார்கள் என்பதே முடிவு சொல்லும். முறை மாறினால் படம் கறுப்பு வெள்ளையாகும், மேலும் கீழும் உருளும்.

கேசட்டை உள்ளே தள்ளும் முன்

கேசட்டின் சின்ன ஜன்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையின் புழுக்கம் இங்கே இல்லை. ஆனால் மே மாத மழையும் தசராவை ஒட்டிய அக்டோபர் மழையும் ஓட்டு வீட்டுப் பரணை நனைக்கப் போதும். பூஞ்சை பிடித்த டேப்பை ஒரு நிமிடம் ஓட்டினாலும் அது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் தொற்றும். அந்தக் கேசட்டைத் தனியே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைத்து மூடி, ஓரமாக வையுங்கள். அது தொழில்முறைக்காரர்கள் வேலை. புதிதாகத் தொடங்குபவர் அதில் கைவைக்கவே வேண்டாம்.

பூஞ்சை இல்லாத டேப்பையும் உடனே போடாதீர்கள். குளிர்ந்த அறையிலிருந்து வந்திருந்தால் ஒரு நாள் முழுக்க, ஓட்டப்போகும் அறையிலேயே கிடக்கட்டும். கேமராவும் அப்படியே. ஹெட் பொருத்திய டிரம்மின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்தால் டேப் அதில் ஒட்டிக்கொள்ளும். சோனி கேமராக்களின் திரையில் ஆங்கில 'சி' எழுத்தும் 21 என்ற எண்ணும் மின்னினால் ஈரம் என்று அர்த்தம். கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது விடுங்கள். 22 என்றால் ஹெட் அழுக்கு. 31, 32 என்றால் கேமராவுக்குள் வேறு கோளாறு. கரண்டைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பாருங்கள், அப்போதும் போகவில்லை என்றால் மெக்கானிக்.

பிறகு, பதிவுத் தடுப்பு. 8 மி.மீ. கேசட்டின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைச் சிவப்பு தெரியும்படி தள்ளுங்கள். மினிடீவீயில் 'சேவ்' பக்கம். அவசரத்தில் ரெக்கார்டு பட்டனை அழுத்தி, பேத்தியின் காதுகுத்தலுக்கு நடுவே பத்து வினாடி மின்விசிறியைப் பதிந்தவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு விதி. முதலில் போடுவது முக்கியமான டேப்பாக இருக்கக் கூடாது. சீரியல் பதிந்தது, யாரோ கொடுத்த சுற்றுலா வீடியோ, ஏதோ ஒன்று. இருபது வருடம் தூங்கிய கேமரா முதல் கேசட்டை மென்று துப்பலாம். அது அம்மாவின் கல்யாண டேப்பாக இருக்க வேண்டாம். சோதனை டேப் ஒழுங்காக ஓடி வெளியே வந்த பிறகு, முக்கியமான டேப்பை முதலில் கடைசி வரை சுற்றி, மறுபடி திருப்பிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் சற்றுச் சமன்படும். சுற்றும்போது கீச்சென்று கத்தினாலோ நின்று நின்று போனாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரைச்சல் எங்கே? நாலு கேள்வி

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல இந்தக் கட்டம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பொறுமை போதும்.

முதல் கேள்வி: கேமராவின் சொந்தத் திரையில் இரைச்சல் இருக்கிறதா? கேமராத் திரையில் படம் சுத்தமாகவும் லேப்டாப்பில் அழுக்காகவும் இருந்தால், ஒயரிலோ, படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கேப்ச்சர் டாங்கிளிலோ கோளாறு. டேப்பையும் ஹெட்டையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது: கேசட்டை எடுத்துவிட்டு, கேமராவைப் படம்பிடிக்கும் நிலைக்கு மாற்றுங்கள். எதிரே சுவரில் தொங்கும் காலண்டர் அதே ஒயர் வழியாக லேப்டாப்பில் தெரிய வேண்டும். காலண்டர் துல்லியமாகத் தெரிந்தால் ஒயரும் டாங்கிளும் நிரபராதிகள். இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. செய்தால் பாதி நாள் மிச்சமாகும்.

மூன்றாவது: ஒரே இடத்தை இரண்டு முறை ஓட்டுங்கள். யானையின் தும்பிக்கை உயரும் அதே நொடியில், அதே இடத்தில் வெள்ளைக் கோடு மறுபடியும் விழுந்தால் அது டேப்பில் உள்ள காயம். இரண்டாவது முறை வேறு இடத்தில் விழுந்தால், அல்லது விழவே இல்லை என்றால், ஹெட்டோ டேப் ஓடும் பாதையோ காரணம்.

நான்காவது: வேறொரு டேப்பைப் போடுங்கள். எல்லா டேப்பிலும் அதே இரைச்சல் என்றால் கேமராதான். ஒன்றில் மட்டும் என்றால், அந்த டேப்பை இன்னொரு கேமராவிலும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். பதிந்த கேமராவின் டேப் பாதை சற்றுக் கோணலாக இருந்திருந்தால், அந்த டேப் அந்தக் கேமராவிலேயே நன்றாக ஓடும், நேரான கேமராவில் இரைச்சலாக ஓடும். கோணலுக்குக் கோணல் பொருந்துகிறது. அதனால்தான் 'வேலை செய்யாத பழைய கேமரா' என்று எடைக்குப் போடும் முன் யோசிக்கச் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்தே சொல்லலாம்

பழைய கேசட் லைப்ரரிக் கடைக்காரர் டிவியைப் பார்த்தவுடன் "ஹெட் கிளீன் பண்ணணும் சார்" என்பாரே, அது ஜோசியமில்லை. இரைச்சலின் உருவத்துக்கு ஒரு மொழி உண்டு.

திரை முழுக்கப் புள்ளி மழை, குரல் மட்டும் ஓரளவு கேட்கிறது: ஹெட் அடைத்திருக்கிறது. ஒரு கணம் படம், ஒரு கணம் புள்ளி என்று வேகமாக மின்னினால் இரண்டு ஹெட்டில் ஒன்று மட்டும் அடைபட்டிருக்கிறது. அனலாக் கேமராவில் டிரம்மில் உள்ள இரண்டு ஹெட்டும் மாறி மாறிப் படத்தின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் படிக்கின்றன. பால் முறையில் டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. ஒரு ஹெட் குருடானால் பாதிப் படம் போகும்.

ஆங்காங்கே குறுகிய வெள்ளைக் கீற்று, வந்த வேகத்தில் மறைவது: டிராப்-அவுட். டேப்பின் காந்தப் பூச்சு அந்த இடத்தில் உதிர்ந்திருக்கிறது, அல்லது தூசி உட்கார்ந்திருக்கிறது. ஹை8இல் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்த வகை டேப்புகள் படத்தெளிவுக்குப் பேர் போனவை. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது என்பதால் இந்தக் கீற்றுகளும் அதில்தான் அதிகம்.

திரையின் குறுக்கே ஒரு பட்டையாக இரைச்சல், அது மெல்ல மேலேயோ கீழேயோ நகர்ந்தால் டிராக்கிங், அதாவது ஹெட் பதிவுத் தடத்தை விட்டு விலகுவது. விஎச்எஸ்-சி என்றால் விசிஆரின் டிராக்கிங் பட்டனால் சரிசெய்யலாம். 8 மி.மீ. கேமராவில் அந்தப் பட்டனைத் தேடாதீர்கள், கிடையாது. படத்தோடு சேர்த்தே பதிந்த வழிகாட்டிச் சமிக்ஞையைப் பார்த்துத் தானாகவே பிடித்துக்கொள்ளும். அப்படியும் பட்டை போகவில்லை என்றால் டேப் பாதையில் ஏதோ நகர்ந்திருக்கிறது. அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

படத்தின் மேல்பகுதி மட்டும் கொடிபோல் ஒரு பக்கமாக வளைந்து ஆடினால் டேப்பின் இழுவிசை மாறியிருக்கிறது. நேர்க்கோடான தூண்கள் நெளிந்து தெரிவதும் இந்த ரகம்தான். இதற்கு ஹெட் கிளீனிங் உதவாது. வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

1990களின் தொடக்கத்து 8 மி.மீ. கேமராக்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரித்துவிடும். நிறம் போய்விடும், குரல் போய்விடும், படம் மங்கும். என்ன துடைத்தாலும் தீராது. மின்தேக்கிகளை மாற்றத் தெரிந்தவர் கிடைத்தால் மாற்றலாம். பெரும்பாலும் வேறொரு கேமரா தேடுவதே சிக்கனம்.

ஹெட்டைத் துடைப்பது

முதலில் உலர் கிளீனிங் கேசட். 8 மி.மீ.க்கும் மினிடீவீக்கும் தனித்தனி. போட்டு பிளே அழுத்தி, பத்து வினாடியில் நிறுத்துங்கள். அது உண்மையில் மெல்லிய உப்புத்தாள் போன்றது; ஒரு நிமிடம் ஓட்டினால் அழுக்கோடு ஹெட்டும் தேயும். அதைத் திருப்பிச் சுற்றவும் கூடாது. ஒருமுறை அழுக்கை எடுத்த பகுதி மறுபடி ஹெட்டின் மேல் வர வேண்டாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் பயனில்லை என்றால் கையால்தான் துடைக்க வேண்டும்.

கைத் துடைப்புக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தேவை. மருந்துக்கடையில் காயத்துக்குக் கொடுக்கும் ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் கலந்திருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியும் வேண்டாம். பஞ்சின் ஒரு இழை ஹெட்டின் முனையில் மாட்டினால் ஹெட்டே பெயர்ந்து வரும். நார் உதிராத மான்தோல் துடைப்பான் கிடைக்கும். இல்லாவிட்டால் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்குத் தரும் மெல்லிய துணியின் சுத்தமான துண்டு.

மூடியைத் திறந்துவிட்டுக் கேமராவின் கரண்டைத் துண்டியுங்கள்; பளபளவென்று சாய்ந்து நிற்கும் உருளை தெரியும், அதுதான் டிரம். துணியை ஆல்கஹாலில் நனைத்து உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடியுங்கள். இன்னொரு கையால் உருளையின் மேல்பக்கத்தைத் தொட்டு மெதுவாகச் சுற்றுங்கள். துணி நிற்க வேண்டும், டிரம் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறியும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். துணியில் பழுப்புக் கோடு வந்தால் சந்தோஷப்படுங்கள், அதுதான் புள்ளி மழை.

டேப்பை இழுத்துச் செல்லும் ரப்பர் உருளையையும் அதை ஒட்டிய மெல்லிய கம்பியையும் துடையுங்கள். ரப்பருக்கு ஆல்கஹாலை அடிக்கடி காட்டினால் அது வெடிக்கும், ஈரத்துணி போதும். எல்லாம் காயக் கால் மணி நேரம்.

ஒயரும் கரண்டும்

'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் இடைவிடாத முனகல் கேட்கிறதா? அது டேப்பில் இல்லை, சுவரில். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறி மாறி ஓடுவதால் வருவது. கேமரா ஒரு பிளக்கில், லேப்டாப் இன்னொரு பிளக்கில் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் எர்த் வழியாக ஒரு வட்டம் உண்டாகிறது. சோதனை எளிது: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். முனகல் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும்.

திரையில் சாய்வாக மெல்லிய கோடுகள் ஓடினால் மலிவான அடாப்டரைச் சந்தேகியுங்கள். கேமராவோடு வந்த அசல் அடாப்டர் எங்கே என்று தேடுங்கள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும்போது மட்டும் கோடு விழுந்தால், சட்னி அரைத்து முடியட்டும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். கேமரா பக்கத்து ஒற்றை முனையில் ஒரு சூட்சுமம் உண்டு: எல்லா மூவண்ண ஒயரும் ஒரே மாதிரி இணைக்கப்பட்டவை அல்ல. மஞ்சளைச் சொருகினால் படம் வராமல் கிர்ரென்று கேட்டால், சிவப்பை மஞ்சளின் இடத்தில் சொருகிப் பாருங்கள். ஹை8 கேமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். நிறமும் வெளிச்சமும் தனித்தனி ஒயரில் வருவதால், நெருங்கிய கட்டம் போட்ட புடவைகளின் மேல் வானவில் ஊர்வது நின்றுவிடும்.

மினிடீவீ: இங்கே கணக்கே வேறு

மினிடீவீயிலும் டிஜிட்டல்8இலும் புள்ளி மழை கிடையாது. சதுரம் சதுரமாகப் படம் உடையும், குரல் விட்டுவிட்டு வரும். மினிடீவீயில் டிரம் நிமிடத்துக்கு 9000 சுற்று. அதில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான், டேப்பை மெதுவாக ஓட்டி நீண்ட நேரம் பதியும் எல்பி முறையில் பதிந்திருந்தால் 6.7 மைக்ரான்தான். தலைமுடியே இதைவிடப் பல மடங்கு தடிமன். எனவே ஒரு கேமராவில் எல்பியில் பதிந்ததை இன்னொரு கேமரா படிக்கத் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. பதிந்த கேமராவையே தேடுங்கள்.

பால் முறையில் ஒரு சட்டகம் 12 தடங்களாகப் பிரிந்து பதிகிறது. ஒரு ஹெட் அடைத்தால் ஒன்று விட்டு ஒன்று தடம் போகும். திரையில் ஒரு பட்டை நல்ல படம், ஒரு பட்டை உறைந்த படம் என்று வரிவரியாகத் தெரியும். இந்த உருவத்தைப் பார்த்தால் நேரே கிளீனிங் கேசட்டை எடுங்கள்.

டிஜிட்டல் டேப்பைக் கணினிக்கு எடுக்க ஃபயர்வயர் என்ற இணைப்பு மட்டுமே. கேமராவில் இருக்கும் யுஎஸ்பி பெரும்பாலான மாடல்களில் புகைப்படத்துக்கும் மங்கலான நேரலைக்கும்தான். ஃபயர்வயரில் போவது டேப்பில் உள்ள எண்களின் நகல், எனவே ஒயரால் புள்ளி சேராது. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று விற்கும் ஒயரை வாங்காதீர்கள். இரண்டு மொழியும் தெரியாத மொழிபெயர்ப்பாளர் அது. பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் அட்டை ஒன்றைச் சொருகுவதே நம்பகமான வழி. மேக் வைத்திருப்பவர்கள் பழையதையே வைத்திருங்கள். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவு எடுக்கப்பட்டுவிட்டது. ஒயரைச் சொருகும்போது இரண்டு பக்கமும் அணைந்திருக்கட்டும். அந்தத் துளைகள் சுலபமாக எரிந்துபோகும்.

உடைந்த சதுரங்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு இடத்தில் வருகின்றன என்றால் அது நல்ல செய்தி. டேப்பை மூன்று முறை எடுத்துக்கொண்டு, டீவீ ரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால், மூன்றிலும் நல்ல பகுதிகளைப் பொறுக்கி ஒரே கோப்பாகத் தைத்துத் தரும்.

கேப்ச்சர் செய்யும்போது

அனலாக் டேப்புக்கு நான் முதலில் தேடச் சொல்வது, பழைய 8 மி.மீ. பதிவுகளையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கேமராவை. எல்லா டிஜிட்டல்8 மாடலும் அதைச் செய்யாது, கேட்டு வாங்குங்கள். அதன் மெனுவில் டைம் பேஸ் கரெக்டர் இருக்கும். அதை ஆன் செய்தால், முன்பு சொன்ன நெளியும் தூண்கள் நிமிரும். அங்கேயே ஃபயர்வயர் வழியாக டிஜிட்டலாக வெளியே வந்துவிடும், டாங்கிளே தேவையில்லை. விதிவிலக்கு ஒன்று: டேப்பில் இருப்பது வேறொரு டேப்பிலிருந்து எடுத்த நகல் என்றால் கரெக்டரை அணைத்துப் பாருங்கள், சில சமயம் அதுவே ஆட்டத்தைக் கூட்டும். இரைச்சல் குறைப்பு என்று இன்னொரு தேர்வும் இருக்கும். அது முகங்களை மெழுகுபோல ஆக்குகிறது, எனக்குப் பிடிக்காது.

டாங்கிள்தான் வழி என்றால் நாலு அமைப்புகளைக் கவனியுங்கள். தொடக்கத்தில் பல டாங்கிள்கள் என்டிஎஸ்சியில் நிற்கும், பாலுக்கு மாற்றுங்கள். அளவு 720×576, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். யுஎஸ்பி ஹப்பில் சொருகாமல் நேரே லேப்டாப்பில் சொருகுங்கள். ஒரு மணி நேர டேப்பின் முடிவில் உதட்டுக்கும் குரலுக்கும் இடைவெளி விழுந்தால் சட்டகங்கள் நழுவியிருக்கின்றன. அது டேப்பின் குற்றமில்லை.

ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள். கேமராத் திரையில் தெரியும் கவுண்டர், பேட்டரிக் குறி எல்லாம் ஒயர் வழியாகவும் வெளியே போகும். மெனுவில் 'டிஸ்ப்ளே' என்ற இடத்தில் எல்சிடி மட்டும் என்று மாற்றாவிட்டால், தாத்தாவின் சஷ்டியப்த பூர்த்தி முழுக்க ஓரத்தில் பேட்டரிப் படம் மின்னிக்கொண்டிருக்கும்.

இரைச்சல் இல்லாத இரைச்சல்கள்

கணினியில் பார்க்கும்போது படத்தின் அடியில் நாலைந்து வரிகள் பிய்ந்து தெரிகின்றனவா? ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. எல்லா அனலாக் டேப்பிலும் உண்டு. பழைய டிவி அதைச் சட்டத்துக்குள் மறைத்துக்கொண்டது, கணினி மறைப்பதில்லை. வெட்டிவிடலாம்.

அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் கோடு தெரிந்தால் அதுவும் கோளாறில்லை. வினாடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிந்ததைச் சேர்த்துக் காட்டும்போது தெரிவது. கேப்ச்சர் அப்படியே இருக்கட்டும். பார்ப்பதற்கான நகல் எடுக்கும்போது அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் செய்தால் போதும்.

கொலு வைத்த முன்னறையில் ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்த காட்சிகளில் சிவப்பும் நீலமுமாகக் கொசு மொய்ப்பதுபோல் இருக்கும். அன்றைக்கு வெளிச்சம் போதாமல் கேமரா தானே திணறியது அது, பதிவிலேயே உள்ளது. எந்த ஹெட்டைத் துடைத்தாலும் போகாது. மென்பொருளுக்கு வேலை இருக்கிற இடம் இதுதான். அதையும் நகலில் செய்யுங்கள், மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள்.

நாளைக்குச் செய்யலாமா?

டேப்பைவிட வேகமாகக் காணாமல் போவது அதை ஓட்டும் இயந்திரம். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் விசிஆர் தயாரிப்பை 2016 ஜூலையில் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே காந்த டேப்புகளுக்கு 2025ஐக் காலக்கெடு என்று அறிவித்து எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து அதே மணியை அடித்தன. 2025 முடிந்ததும் டேப்புகள் திடீரென்று அழிந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் ஹெட் மாற்றத் தெரிந்த மெக்கானிக் இப்போது என்ன செய்கிறார் என்று உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள். செல்போன் கண்ணாடி மாற்றிக்கொண்டிருப்பார்.

அவசரத்தில் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். சுற்றும்போது ஒட்டிக்கொண்டு கத்தும் டேப்புகளை ஓவனில் மிதமான சூட்டில் வைக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. காப்பகக்காரர்கள் சில வகை டேப்புகளுக்கு, கட்டுப்பாடான கருவியில் செய்கிறார்கள். சமையலறை ஓவனில் வேண்டவே வேண்டாம்.

பெயர் எழுதிவையுங்கள்

ஏற்றி முடித்ததும் கோப்பை முழுதும் ஒரு முறை பாருங்கள், வேகமாக ஓட்டியாவது. பிறகு இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்கில் நகல், முடிந்தால் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம். தொடக்கத்துக்குச் சுற்றி, பெட்டியில் நிமிர்த்தி நிறுத்தி, ஸ்பீக்கருக்கும் பாச்சை உருண்டைக்கும் தள்ளி வையுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல கேமரா கிடைக்கலாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போதுதான் பலருக்கும் திணறல். லேபிளில் 'தசரா' என்று மட்டும் இருக்கும். கேமராவின் உள் பேட்டரி தீர்ந்து, தேதி ஏதோ ஒரு ஜனவரி ஒன்றில் நின்றிருக்கும். மைசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி வரும் வரை படத்தை ஓட்டுங்கள். 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமக்கும் யானை அர்ஜுனா என்றால் 2012க்கும் 2019க்கும் இடையில். பலராமா என்றால் 1999க்கும் 2011க்கும் இடையில். துரோணா என்றால் அதற்கும் முன்னால், உங்கள் கையில் இருப்பது அநேகமாக ஹை8 அல்லது வீடியோ8. எந்த யானை என்று அடையாளம் தெரியாவிட்டால் வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுத் திரையின் முன் உட்காரவையுங்கள். நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், புள்ளி மழை இருந்தாலும்.